பள்ளிக் கவிதைப் போட்டி: தலைப்பு, தளை, மதிப்பெண்

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் அரசு நடத்தும் கவிதைப் போட்டிக்குப் போகிறார் என்றால், பெரும்பாலும் அது தமிழ் வளர்ச்சித் துறையின் போட்டியாக இருக்கும். 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தனித்தனியாக, கவிதை, கட்டுரை, பேச்சு என்ற மூன்று பிரிவுகளில் மாவட்டந்தோறும் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் மாவட்ட அளவில் முதல் பரிசு 10,000 ரூபாய், இரண்டாம் பரிசு 7,000, மூன்றாம் பரிசு 5,000. மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் மாநிலப் போட்டிக்குப் போவார். அங்கே 15,000, 12,000, 10,000. தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி இதே துறை நடத்துபவை பேச்சுப் போட்டிகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளிக் கல்வித் துறை 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழாவிலும் மொழித்திறன் போட்டிகள் உண்டு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிப்போகும் அமைப்பு அது. இவை போக, தமிழ்ச் சங்கங்கள், அரிமா சங்கங்கள், நூலக வாசகர் வட்டங்கள், தனியார் அறக்கட்டளைகள் நடத்தும் சிறு போட்டிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

தமிழ் வளர்ச்சித் துறைப் போட்டியில் தலைப்பை அறையில்தான் சொல்வார்கள். முன்கூட்டித் தெரியாது. விண்ணப்பத்தில் தலைமையாசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவரே என்பதால், யார் போவது என்ற தேர்வு பள்ளிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நன்றாக எழுதுகிற பிள்ளை வீட்டிலேயே இருக்க, நன்றாகப் பேசுகிற பிள்ளை கவிதைப் போட்டிக்கு அனுப்பப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பேச்சுப் போட்டிக்குப் பழகியவர் மேடைக்கு ஏற்ற முழக்கத்தைத் தாளில் இறக்குவார். தாளில் அது நிற்காது. பள்ளியில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு தலைப்புக் கொடுத்து, பெயரில்லாத் தாள்களை இரண்டு ஆசிரியர்கள் படித்துத் தேர்ந்தெடுத்தால் போதும். பெரும்பாலான பள்ளிகளில் அதுகூட நடப்பதில்லை.

இந்த அமைப்பு எப்படியோ, அதில் பிறக்கும் கவிதையும் அப்படித்தான் இருக்கும். தெரியாத தலைப்பு, குறுகிய நேரம், கண்காணிக்கும் அறை, முன்பின் அறியாத நடுவர். இவ்வளவு நெருக்கடிக்குள் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எழுதும்போது, மனம் முதலில் பிடித்துக்கொள்வது ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதைத்தான். ‘தமிழே, அமுதே, உயிரே’ என்று விளித்துத் தொடங்கும் எட்டு அடி பல மாணவர்களிடம் தயாராக இருக்கும். மரம் என்றாலும் அது வரும், மனிதநேயம் என்றாலும் அது வரும். நடுவர்கள் அதைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்குவார்கள். இருபது அடியில் எட்டு அடி அப்படிப் போய்விட்டால் மிஞ்சுவது பன்னிரண்டு அடி. அதிலும் கடைசி நான்கு ‘எழுவோம், இணைவோம், உயர்வோம், வெல்வோம்’ என்று முடியும். மாணவர் உண்மையிலேயே யோசித்து எழுதியது நடுவிலுள்ள எட்டு அடி. பரிசு அந்த எட்டு அடியில்தான் முடிவாகிறது.

நேரத்தைப் பங்கிடத் தெரிந்தால் இதில் பாதிச் சிக்கல் தீரும். ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 நிமிடம் எதையும் எழுதக் கூடாது என்று பழக்க வேண்டும். எழுதுவதென்றால் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதலாம். தலைப்பு தண்ணீரைப் பற்றியது என்றால் குடம், லாரி, மடை, மதகு, கலிங்கு, ஆழ்துளைக் கிணறு, மோட்டார் சத்தம், கருவேலம், வறண்ட ஏரியில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் என்று கையில் தொடக்கூடியவற்றைப் பத்துப் பன்னிரண்டு எழுதிக்கொள்ளலாம். பிறகு அறையிலுள்ள எல்லோரும் எழுதக்கூடியவற்றை அடித்துவிட வேண்டும். மிஞ்சுகிற ஒன்றிரண்டில்தான் கவிதை இருக்கிறது. அடுத்த 5 நிமிடம் வடிவத்தை முடிவுசெய்ய. 25 நிமிடம் கரட்டுப் படி, அதாவது முதல் வரைவு. 10 நிமிடம் சரிபார்க்க. கடைசி 10 நிமிடம் படியெடுக்க. படியெடுக்கும் நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கெடும், குறிப்பாக மரபுக் கவிதையில்.

மரபா புதுக்கவிதையா என்பது அடுத்த கேள்வி. அறிவிப்பில் ‘மரபுக் கவிதை மட்டும்’ என்றிருந்தால் பேச்சில்லை. ‘கவிதை’ என்று மட்டும் இருந்தால் எதுவும் எழுதலாம். மரபில் எழுதினால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. யாப்பு சரியாக இருந்தால் கிடைக்கலாம். ‘வெண்பா’ என்று தலைப்பிட்டு நான்கு அடியில் மூன்று இடத்தில் தளை (ஒரு சீரை அடுத்த சீரோடு இணைக்கும் கட்டு) தட்டினால், எந்தப் பெயரும் போடாமல் புதுக்கவிதையாகவே எழுதியிருக்கலாமே என்றுதான் நடுவருக்குத் தோன்றும்.

பத்தாம் வகுப்பு முடித்த எல்லோருக்கும் அலகிடத் தெரியும். குறளை எடுத்து அசை பிரித்து, வாய்பாடு எழுதிப் பொதுத்தேர்வில் மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். ஆனால் அங்கே கற்றது பிரிக்க. போட்டியில் செய்ய வேண்டியது கோக்க. பிரிக்கத் தெரிந்தவருக்குக் கோக்க வருவதற்குச் சில வாரப் பயிற்சி போதும். அதைப் பள்ளியில் யாரும் தருவதில்லை என்பதுதான் குறை.

வெண்பாவுக்கான விதிகள் சொற்பம். ஒற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், தனிக் குறிலோ நெடிலோ நேரசை, குறிலோடு இன்னோர் எழுத்து சேர்ந்து வந்தால் நிரையசை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம். நேரில் முடியும் மூவசைச் சீர் காய், நிரையில் முடிவது கனி. மாச்சீருக்கு அடுத்து நிரையசை வர வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் அடுத்து நேரசை வர வேண்டும். கனிச்சீர் வரக் கூடாது. ஈற்றடி மூன்று சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வாய்பாடுகளில் ஒன்று. அவ்வளவுதான். இது எங்கே உடைகிறது என்பதை ஒரு குறள் வெண்பாவில் பார்க்கலாம். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

ஏரியைத் தொலைத்த நகரத்தில் வெள்ளமே
மாரி அனுப்பும் விருந்து

கருத்து நன்றாக இருக்கிறது. காதுக்கும் தவறு சட்டென்று தெரியாது. அலகிட்டால் தெரியும். ஏ/ரியைத் என்பது நேர் நிரை, கூவிளம். விளத்துக்குப் பின் நேர் வர வேண்டும். வந்திருப்பதோ தொலைத்/த, நிரையில் தொடங்கும் புளிமா. முதல் இரண்டு சீருக்கு நடுவிலேயே தளை தட்டிவிட்டது. திருத்த என்ன செய்யலாம்? வேற்றுமை உருபை எடுத்துவிட்டால் போதும்:

ஏரி தொலைத்த நகரத்தில் வெள்ளமே
மாரி அனுப்பும் விருந்து

இப்போது ஏ/ரி தேமா, பின்னால் நிரை. தொலைத்/த புளிமா, பின்னால் நக என்ற நிரை. நக/ரத்/தில் புளிமாங்காய், பின்னால் வெள் என்ற நேர். வெள்/ளமே கூவிளம், பின்னால் மா என்ற நேர். மா/ரி தேமா, அனுப்/பும் புளிமா, விருந்து பிறப்பு. எல்லாம் பொருந்திவிட்டது. ஏரி, மாரி என்று இரண்டாம் எழுத்து ஒன்றும் அடியெதுகையும் கிடைத்திருக்கிறது. உருபு போனதால் ஏரிதான் எதையோ தொலைத்தது என்று படிக்கவும் இடம் உண்டு. இந்தக் கவிதைக்கு அந்த மயக்கம் கெடுதல் செய்யவில்லை.

இதே இரண்டடியை வைத்து மற்ற இரண்டு பொதுவான தவறுகளையும் காட்டலாம். அழுத்தம் வேண்டும் என்று ‘நகரத்திலே’ என நீட்டினால், நக/ரத்/திலே புளிமாங்கனி ஆகிவிடும். வெண்பாவில் கனிக்கு இடமில்லை. ஏகாரம் சேர்ப்பது மாணவர்களின் கையிலேயே ஊறிய பழக்கம். படியெடுக்கும்போது புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம். அதேபோல் ‘விருந்து’ என்பதை ‘விருந்தாளி’ என்று மாற்றினால் பொருள் இன்னும் தெளிவாகும், ஆனால் விருந்/தா/ளி காய்ச்சீர். ஈற்றில் அது நிற்க முடியாது.

தலைப்பையே ஈற்றடியாக வைத்து முடிக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. ‘நீரின்றி அமையாது உலகு’ என்பது போட்டிகளில் அடிக்கடி வரக்கூடிய வகைத் தலைப்பு. திருக்குறளில் இருப்பது ‘நீரின் றமையா துலகெனின்’. வழக்கில் புழங்கும் வடிவத்தை அப்படியே ஈற்றடியாக வைத்தால் நீ/ரின்/றி தேமாங்காய், அதற்குப் பின் அமை என்ற நிரை. காய் முன் நிரை வந்தால் கலித்தளை, வெண்பாவுக்கு அது ஆகாது. ‘நீரின் றமையா துலகு’ என்று குறளின் புணர்ச்சியோடு எழுதினால் தேமா, புளிமா, பிறப்பு என்று சரியாக அமரும். ஆகவே சந்தி பிரித்து எழுதினால் தளை கெடும் இடங்களில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதற்காகச் சொற்களை நடுவில் வெட்டி அடுத்த சீருக்குத் தள்ளும் வகையுளியை அடிக்கு ஒன்றாகச் செய்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். நான்கு அடிக்கு ஒன்று என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று வெண்பா எழுத நல்ல பழக்கம் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு அடிக்கு ஆறு சீர் வரும் அறுசீர் விருத்தம் கைகொடுக்கும். விளம் மா தேமா, விளம் மா தேமா என்ற வாய்பாடு காதில் ஏறிவிட்டால் கை தானாக ஓடும். ‘காவிரி வற்றிப் போனால் கழனியில் கனவும் இல்லை’ என்ற அடியைச் சொல்லிப் பாருங்கள்: கூவிளம், தேமா, தேமா, கருவிளம், புளிமா, தேமா. முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் கா, க என்று முதலெழுத்து ஒன்றும் மோனை. இப்படி ஓர் அடி அமைந்ததும் மாணவர் மகிழ்ந்துபோய் அடுத்த அடிக்குப் போவார், அங்கேதான் மாட்டிக்கொள்வார். நான்கு அடிக்கும் எதுகை வேண்டுமே. ‘வி’ இரண்டாம் எழுத்தாக வரும் சொல்லைத் தேடி ‘ஆவி’, ‘பாவி’ என்று போனால், நீரைப் பற்றிய கவிதையில் பேயும் பாவமும் வந்து சேரும். முதல் அடியை எழுதுவதற்கு முன்பே எதுகைச் சொற்கள் நான்கையும் ஓரத்தில் எழுதிக்கொள்வதே இதற்கு மருந்து. காவிரி, வாவியில், பூவிதழ், நாவினில். நான்குமே கூவிளம், நான்கும் ஒரே பொருளைச் சுற்றி நிற்கக்கூடியவை. நான்கு சொற்கள் கிடைக்கவில்லையென்றால் முதல் சொல்லை மாற்றிவிட வேண்டும். அடியை எழுதிய பிறகு மாற்ற மனம் வராது.

பயிற்சிக்குப் பழைய புலவர் வழக்கம் ஒன்று இன்னும் பயன்படும். ஈற்றடியைக் கொடுத்துவிட்டு, மேலே மூன்று அடி எழுதி வெண்பாவை முடிக்கச் சொல்வது. முடிவு தெரிந்திருப்பதால் வெற்று முழக்கத்தில் போய் முடிய வழியில்லை. தளையும் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு ஈற்றடி கொடுத்தால், ஒரு பருவத்துக்குள் அலகிடாமலேயே தவறு காதில் உறுத்தத் தொடங்கும். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் இதில் தள்ள வேண்டாம். அவர்களுக்கு நாட்டுப்புற மெட்டு, சிந்து, கண்ணி போதும். அவர்களிடம் வெண்பா கேட்டால் பெற்றோர் எழுதித்தான் வரும்.

புதுக்கவிதை எளிது என்று நினைத்து அதை எடுப்பவர்களின் தாள்களில் ஒரே நோய்தான். கட்டுரை வாக்கியத்தை மூன்று மூன்று சொல்லாக உடைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். வரிகளைச் சேர்த்து எழுதிப் பார்த்தால் உரைநடையாகவே நிற்கும். ‘தண்ணீர் இல்லாமல் உயிர்கள் வாழ முடியாது, எனவே அதைச் சேமிப்போம்’ என்பதை எத்தனை வரியாக உடைத்தாலும் அது சுவரொட்டிதான். இன்னொரு குறி, வரிக்கு வரி ஆச்சரியக்குறி. அதைவிட நுட்பமான குறை, வரி இறுதியில் ஓசைக்காக ‘கிறது, கிறது’ என்று இயைபு தேடுவது. மரபையும் விட்டாயிற்று, புதுக்கவிதையின் கட்டின்மையும் இல்லை.

நீரைப் பற்றியே ஒரு புதுக்கவிதை இப்படி இருக்கலாம்:

லாரி வரும் செவ்வாய்க்கிழமை
வருகைப் பதிவேட்டில்
அவள் பெயருக்கு நேராக
ஒரு குடம்

தண்ணீர் என்ற சொல் இதில் இல்லை. பஞ்சம், அவலம், கொடுமை எதுவும் இல்லை. ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பதைக்கூட நேராகச் சொல்லவில்லை. லாரி, பதிவேடு, குடம் என்ற மூன்று பொருட்களை அடுத்தடுத்து வைத்ததில் எல்லாம் வந்துவிட்டது. எந்த வரியில் நிறுத்துவது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ‘நேராக’ என்று நின்றதும் படிப்பவர் ஒரு குறியை எதிர்பார்ப்பார். அங்கே குடம் வந்து உட்காருகிறது. போட்டித் தாளில் இவ்வளவு குறுகியதை மட்டும் வைத்தால் ‘நேரம் இருந்தும் எழுதவில்லை’ என்று குறைக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமா என்பது வேறு பேச்சு. இதுபோல நான்கைந்து காட்சிகளைத் தொடராக எழுதினால் அந்தக் குறையும் வராது. ஐக்கூ எழுதுபவர்களுக்கும் இதுவே பொருந்தும். மூன்று வரியில் பொன்மொழி எழுதி ஐக்கூ என்று பெயரிடுவதுதான் அங்கே வழக்கமான விபத்து.

மாணவர் பக்கம் இவ்வளவு. நடுவர் பக்கமும் சொல்ல நிறைய இருக்கிறது. பரிசுகள் தவறிப்போவதில் அவர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு.

பல போட்டிகளில் மூன்று நடுவர்கள் நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள், மூன்றையும் கூட்டுவார்கள். பார்க்க நியாயமாக இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். அ, ஆ என்று இரண்டு தாள்கள். முதல் நடுவர் அ-வுக்கு 92, ஆ-வுக்கு 70 போடுகிறார். இரண்டாமவர் 72, 76. மூன்றாமவர் 73, 77. கூட்டினால் அ-வுக்கு 237, ஆ-வுக்கு 223. மூன்றில் இரண்டு நடுவர்கள் ஆ-தான் சிறந்தது என்று சொல்லியும் பரிசு அ-வுக்குப் போகிறது. காரணம், முதல் நடுவர் மதிப்பெண்களை அகலமாகப் பரப்பிப் போடுபவர். மற்ற இருவரும் 70-க்கும் 80-க்கும் நடுவிலேயே நிற்பவர்கள். அகலமாகப் போடுகிறவர் தன்னையறியாமலேயே மற்ற இருவரையும் தோற்கடித்துவிடுகிறார். இதற்குத் தீர்வு மதிப்பெண்ணைக் கூட்டாமல் இடத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு நடுவரும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தட்டும். எண்களைக் கூட்டியதில் குறைவாக வந்தவருக்குப் பரிசு. மேற்சொன்ன கணக்கில் ஆ-வுக்கு 2+1+1, நான்கு. அ-வுக்கு 1+2+2, ஐந்து. ஆ வெல்கிறது. எல்லாத் தாளையும் வரிசைப்படுத்துவது சிரமம் என்றால், முதல் சுற்றில் பத்துத் தாள்களை வடித்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

தாள் எந்த வரிசையில் வருகிறது என்பதும் முடிவைப் பாதிக்கும். முதல் ஐந்து தாள்களுக்கு நடுவர் கை இறுக்கமாக இருக்கும், ‘இன்னும் நல்லது வரலாம்’ என்று. நடுவில் சலிப்பு வரும். அறுபதாவது தாளில் ஓர் எளிய உவமைகூடப் பெரிதாகத் தெரியும். ஒரு நடுவர் மேலிருந்து கீழும், அடுத்தவர் கீழிருந்து மேலும், மூன்றாமவர் நடுவிலிருந்தும் படித்தால் இது ஓரளவு சரியாகும். செலவில்லாத ஏற்பாடு. கையெழுத்தின் செல்வாக்கை இப்படிக் குறைக்க முடியாது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு மதிப்பிடும் முறை அதற்கு உதவும். ஆனால் புதுக்கவிதையின் வரி உடைப்பு அதில் காணாமல் போகும். இறுதிப் பத்துத் தாள்களைத் தட்டச்சு செய்துகொள்வதே மேல்.

பெயர் மறைப்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதில் ஓட்டை விழுவது தாளின் தலைப்பகுதியில் இல்லை, கவிதைக்குள். பள்ளியின் பெயரை, ஊரின் பெயரை, சில நேரம் தன் பெயரையே கடைசி அடியில் முத்திரையாகப் பதிக்கும் மாணவர்கள் உண்டு. அதை அனுமதிப்பதா இல்லையா என்று அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். பள்ளி முத்திரை குத்திய தாளைக் கொண்டுவரச் சொல்லாமல், போட்டி நடத்துபவரே ஒரே மாதிரித் தாளும் குறியீட்டு எண்ணும் கொடுப்பது நல்லது. கரட்டுப் படிக்கு ஒரு தாள் தனியாகத் தர வேண்டும். இரண்டாவது தாள் இல்லாத போட்டியில் எல்லோருமே முதல் படியைத்தான் சமர்ப்பிக்கிறார்கள், அவ்வளவுதான்.

மரபையும் புதுக்கவிதையையும் ஒரே தட்டில் நிறுப்பது நடுவர்களுக்குத் தலைவலி. முடிந்தால் இரண்டு பிரிவாக வைக்கலாம். முடியாவிட்டால் 50 மதிப்பெண்ணில் பார்வைக்கு 15, சொல்லாட்சிக்கு 15, எடுத்துக்கொண்ட வடிவத்தைக் காப்பாற்றியதற்கு 15, பிழையின்மைக்கு 5 என்று பிரித்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். வெண்பா எழுதியவருக்கு வடிவம் என்பது தளை. புதுக்கவிதை எழுதியவருக்கு வரி உடைப்பும் சுருக்கமும். பிழையின்மைக்கு ஐந்துக்கு மேல் ஒதுக்கினால் அது பழைய தமிழ் இரண்டாம் தாள் இலக்கணத் தேர்வாகிவிடும்.

தலைப்பு வைப்பவர்களைத் தனியாகத் திட்ட வேண்டும். ‘ஒற்றுமை’, ‘தாய்மை’, ‘தமிழின் பெருமை’ போன்றவை கவிதை தொடங்குவதற்கு முன்பே அதை முடித்துவிடும் தலைப்புகள். என்ன சொல்ல வேண்டும் என்பது தலைப்பிலேயே சொல்லப்பட்டுவிட்டது. ‘பேருந்தின் கடைசி இருக்கை’, ‘பாட்டியின் கைப்பை’, ‘மின்தடை’, ‘ஊர்க் கிணற்றின் படிக்கட்டு’ என்று பொருளைத் தலைப்பாக வைத்தால், மனப்பாடக் கவிதையை உள்ளே நுழைப்பது கடினம். ஒற்றுமையைப் பற்றிச் சொல்ல விரும்புகிற பிள்ளை கிணற்றுப் படிக்கட்டை வைத்தும் சொல்லிக்கொள்ளும். மூன்று தலைப்பு கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இன்னும் நல்லது.

இலங்கையில் அமைப்பு வேறு. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறுகின்றன. அங்கே கவிதையாக்கம் ஒரு போட்டி, பாவோதல் இன்னொரு போட்டி. எழுதுவதையும் ஓதுவதையும் இப்படிப் பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டுச் சிறு போட்டிகள் பலவற்றில், எழுதிய கவிதையை மேடையில் வாசிக்கவும் சொல்லி இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். குரல்வளம் உள்ளவர் எழுத்தின் குறையை மூடிவிடுவார். கூச்சமுள்ளவரின் நல்ல கவிதை அமுங்கிப்போகும். ஓதல் என்றால் அதற்கான அளவுகோலே தனி. அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய ‘பொயட்ரி அவுட் லவுட்’ என்ற ஒப்புவித்தல் போட்டியில், சொல் பிசகாமல் சொல்கிறாரா என்று பார்க்க மட்டும் தனி நடுவர் இருக்கிறார். மற்ற நடுவர்கள் குரலையும் புரிதலையும் பார்ப்பார்கள். மிகை நடிப்புக்கு அங்கே மதிப்பெண் குறையும். நம் ஒப்புவித்தல் மேடைகளில் கையை ஆட்டுவதற்குக் கிடைக்கும் கைதட்டலை நினைத்தால் இந்த விதியை இறக்குமதி செய்யத் தோன்றுகிறது.

பிரிட்டனின் ‘ஃபாயில் இளம் கவிஞர்’ விருது இன்னொரு கோடியில் நிற்கிறது. 11 முதல் 17 வயது வரையுள்ள எவரும் கட்டணமில்லாமல் அனுப்பலாம். தலைப்பு கிடையாது. வீட்டிலிருந்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு எழுதலாம். ஒருவர், இருவர், மூவர் என்று நிறுத்தாமல் 100 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் முதன்மையானவர்கள் 15 பேர், பாராட்டுக்குரியவர்கள் 85 பேர். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி உண்டு. ஓர் இரவில் பரிசுப் பணம் வாங்கிக்கொண்டு மறந்துபோகிற நிகழ்ச்சியாக இல்லாமல், எழுதுகிறவர்களை வடித்தெடுக்கும் சல்லடையாக அது வேலை செய்கிறது. இதை அப்படியே இங்கே நடத்த முடியாது என்றாலும், மாவட்டத்துக்கு மூவர் என்பதோடு ‘பாராட்டுக்குரியவர்கள்’ என்று பத்துப் பேரின் பெயரை அறிவிப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பத்துச் சான்றிதழ் கூடுதலாக அச்சடிக்க வேண்டும், அவ்வளவே.

அனுப்பி வைக்கும் போட்டிகளில் இப்போது புதிய தொல்லை செயற்கை நுண்ணறிவு. முன்பு தமிழாசிரியரோ மாமாவோ எழுதிக் கொடுத்தார்கள். இன்று கைபேசி எழுதிக் கொடுக்கிறது. கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தமிழ்க் கவிதைக்கு நம்புவது ஆபத்து. நேர்மையாக எழுதிய பிள்ளையையும் அது குற்றவாளியாக்கிவிடும். அதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. அடித்துத் திருத்திய முதல் படியையும் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்களை நேரிலோ காணொலியிலோ அழைத்து, அவர்கள் கவிதையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போடச் சொல்லலாம். வெண்பா எழுதியவர் உதட்டுக்குள் அசையை எண்ணத் தொடங்குவார். புதுக்கவிதை எழுதியவர் ‘அந்தச் சொல்லை எடுத்தால் அடுத்த வரியும் மாறணுமே’ என்பார். சொந்தமாக எழுதியவருக்கு 5 நிமிடத்தில் முடிகிற காரியம் இது.